மாஸ்டரின் கழுத்தும் ஒரு பார்சல் கடையும்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்தால், அவர்களும் வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். டிரைவிங் ஸ்கூல் நடத்திய இத்தனை காலத்தில் அவர் வாயிலிருந்து அதிகம் வந்தது "கழுத்தைத் திருப்பு!" என்பதுதான். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியை மட்டும் பார்க்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "கண்ணாடி தலை சீவறதுக்கு. பின்னாடி பார்க்கத்தான் கழுத்து. திருப்பு!" என்று அவர் போடுகிற சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரனும் திரும்பிப் பார்ப்பான். கல்யாண வீட்டிலோ ரேஷன் வரிசையிலோ அவரைப் பார்த்தால், பழைய மாணவர்கள் வணக்கம் சொல்வதற்குப் பதிலாகக் கழுத்தைத் திருப்பிக் காட்டிச் சிரிப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட மாஸ்டருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. தலையணை மாற்றினால் சரியாகிவிடுகிற பிடிப்பு இல்லை. எலும்பு தேய்ந்துவிட்டது, இனி இவ்வளவுதான் திரும்பும் என்று டாக்டர் காட்டிய அளவைப் பார்த்து, "இதுக்குப் பேரு திரும்பறதா?" என்று மாஸ்டர் அவரிடமே சண்டை பிடித்தார். டாக்டர் ஒரு கழுத்துப் பட்டையைக் கொடுத்தனுப்பினார். மாஸ்டர் அதை வாசல் கதவைத் தாழ் போட்ட பிறகுதான் மாட்டிக்கொள்வார். வெளியே தெரிந்தால் என்ன ஆவது? திரும்பிப் பார்க்க முடியாத ஆளிடம் ரிவர்ஸ் கற்றுக்கொள்ள யார் வருவார்கள்? ஸ்கூலை இழுத்து மூட வேண்டியதுதான். அதுகூடப் பரவாயில்லை. தன்னிடம் திட்டு வாங்கிய ஊரே தன்னைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லும். அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

இந்த விஷயம் அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் மாஸ்டர் உடம்பு முழுவதையும் திருப்பினார். மகளைக் கொடுத்த வீட்டுக்குப் போயிருந்தபோது, இடப்பக்கம் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா ஏதோ கேட்க, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்து பதில் சொன்னார். "உங்கப்பாவுக்கு எவ்வளவு மரியாதை தெரிஞ்சிருக்கு" என்று அந்த வீட்டில் எல்லோரும் அசந்துபோனதாக மகள் பெருமையோடு போன் செய்தாள். மாஸ்டர் அந்தப் பேரை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார்.

பாடம் நடத்துவதில் ஒரு சிக்கலும் இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று இருக்கிற பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு கத்தினால் போதும். கழுத்தைத் திருப்ப வேண்டியது மாணவன். பாடம் முடிந்து தனியாக வீட்டுக்கு வரும்போதுதான் கஷ்டம். அவர் வீட்டுப் போர்டிகோவில் கார் நிற்க இடம் உண்டு. ஆனால் நேராக உள்ளே போனால் ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். அதனால் மாஸ்டர் திடீரென்று பூச்செடிகளின்மேல் ஆசை கொண்டவராக மாறி, போர்டிகோ முழுக்கத் தொட்டிகளை வாங்கி நிரப்பினார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை மனைவி தலையில் விழுந்தது.

காரை அவர் தெருமுனையில் நிறுத்தினார். அங்கே மூடிக் கிடந்த பழைய சலவைக் கடை ஒன்று இருந்தது. அதன் முன்னால் சிமென்ட் தரை. ஒரு பக்கம் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும், மறுபக்கம் பக்கத்துச் சந்துக்குள் திறந்திருக்கும். தெரு வழியாக நேராக உள்ளே போய் நிறுத்தலாம், காலையில் சந்து வழியாக நேராக வெளியே போகலாம். பின்னால் போகிற பேச்சே இல்லை. மாஸ்டரின் மானம் மரியாதை எல்லாம் அந்தச் சிமென்ட் தரைமேல்தான் நின்றுகொண்டிருந்தது.

ஒரு நாள் அந்தக் கடையின் ஷட்டரில் நகராட்சி ஒரு நோட்டீஸை ஒட்டியது. இந்த இடத்தில் பார்சல் சாப்பாட்டுக் கடை திறக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றது நோட்டீஸ்.

மாஸ்டருக்குத் தலை சுற்றியது. திருப்ப முடியாத தலை சுற்ற மட்டும் செய்தது. அடுத்த நிமிடமே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். "குடியிருக்கிற தெருவுல சாப்பாட்டுக் கடையா? வண்டியெல்லாம் எங்க நிக்கும்? உங்க கேட்டுக்கு முன்னாடி நிக்கும்! ஹாரன் அடிப்பான். கேட்டா சண்டைக்கு வருவான்" என்று அவர் போட்ட போட்டில், வண்டியே இல்லாத வீட்டுக்காரர்களுக்கும் பார்க்கிங் கவலை வந்துவிட்டது.

மாடி வீட்டு அக்கவுன்டன்ட் முதல் ஆளாக அவர் பக்கம் சேர்ந்தார். அந்தக் கடைக்கு நேர் மேலே குடியிருப்பவர். அவருக்கு வண்டியைவிட வாசனைதான் கவலை. "காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் கீழே கோழி வறுபட்டுக்கிட்டே இருக்கும். அந்த வாசனையோட நான் எங்க வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடணும். முடியுமா மாஸ்டர்? நீங்களே சொல்லுங்க" என்றார். குரல் தழுதழுத்தது. அவர் மனைவியின் சமையலை ஒரு தடவை சாப்பிட்டிருந்த மாஸ்டர், அந்த வேதனையைப் புரிந்துகொண்டார். சாயங்காலத்துக்குள் தெருவே திரண்டு, ஆட்சேப மனுவில் கையெழுத்துப் போட்டு, மாஸ்டரைத் தலைவராக்கிவிட்டது.

வெற்றிக் களிப்போடு வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டு, பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

"என்னங்க, சம்பந்தியம்மா!" என்று ஜன்னல் வழியாகப் பார்த்த மனைவி கிசுகிசுத்தாள்.

மாஸ்டர் பட்டையைப் பிய்த்து சோபா குஷனுக்குப் பின்னால் திணித்துவிட்டு எழுந்து நின்றார். சம்பந்தியம்மா உள்ளே வந்தார். ஒரு பெரிய ஆபீஸ் கேன்டீனில் சமையல் பொறுப்பில் இருந்தவர். அந்தக் கேன்டீனை மூடிய பிறகு மகன் வீட்டில்தான் இருந்தார். கணவர் காலமாகிவிட்டார். எத்தனை பெரிய அடுப்புக்கும் அசராத ஆள், ஆனால் பேச்சு மெதுவாகத்தான் வரும். கையில் ஒரு டப்பா இருந்தது. நேராகப் போய், இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, பட்டை ஒளிந்திருந்த குஷனின்மேல் சாய்ந்து உட்கார்ந்தார்.

"முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு வந்தேன் சம்பந்தி" என்றார். "மகன், மருமக ரெண்டு பேரும் தங்கமானவங்க. ஆனா எனக்குச் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டா சோறு இறங்க மாட்டேங்குது. அதான் ஒரு பார்சல் கடை போடலாம்னு. உங்க தெருமுனையிலேயே இடம் அமைஞ்சுது. நீங்க இருக்கீங்கன்னு ஒரு தைரியம்."

மாஸ்டர் வாயிலிருந்து "ஆகா" என்று மட்டும் வந்தது.

"பேஷ் பேஷ்" என்று மனைவி இழுத்தாள். கண் மட்டும் மாஸ்டரை எரித்தது.

"தெருவுல யாரோ ஆட்சேபம் பண்றாங்களாமே" என்றார் சம்பந்தியம்மா. "யாருன்னு தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"தெரிஞ்சவர்தான்" என்றாள் மனைவி. "ஆனா சொன்னா கேட்கிற ஆள் இல்ல."

சம்பந்தியம்மா முதுகுக்குப் பின்னால் எதுவோ உறுத்துவதைப்போல் அசைந்தார். கையைப் பின்னால் விட்டார். ஒரு கணம் அப்படியே இருந்துவிட்டு, குஷனைச் சரிசெய்து, மறுபடி சாய்ந்துகொண்டார். மாஸ்டர் மூச்சை விட்டார். பார்த்திருக்க மாட்டார் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டார்.

சம்பந்தியம்மா போனதும் மனைவி மாஸ்டரைப் பிடித்துக்கொண்டாள். "சொந்த சம்பந்திக்கு எதிரா ஊரைத் திரட்டிட்டு வந்து நிக்கிறீங்களே! நாளைக்கு நம்ம பொண்ணு அந்த வீட்டுல எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இருப்பா?"

"நான் கடையை எதிர்க்கல. வண்டியைத்தான் எதிர்க்கிறேன்."

"எந்த வண்டியை? உங்க வண்டி நிக்க இடம் போயிடுமேன்னுதானே குதிக்கிறீங்க? கழுத்து திரும்பலன்னு ஊருக்குச் சொல்லிட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

"நான் குறைஞ்சு போயிடுவேன்" என்றார் மாஸ்டர்.  டப்பாவைத் திறந்தார்கள். கோழி வறுவல். அதைச் சாப்பிட்டபோதுதான், தான் எதிர்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று மாஸ்டருக்கு உறைத்தது. ஆனாலும் மறுநாள் போய் மனுவை வாபஸ் வாங்கவில்லை. வாங்கப் போனாலும் அக்கவுன்டன்ட் விட்டிருக்க மாட்டார்.

விசாரணை நகராட்சி மண்டபத்தில் நடந்தது. மேலே மின்விசிறிகள் காற்றுக்குப் பதிலாகச் சத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் தெருக்காரர்கள், மறுபக்கம் தனியாக சம்பந்தியம்மா. மாஸ்டர் தலைமையில் எதிர்க்கட்சி உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் சம்பந்தியம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. எழுந்து நின்று, "வாங்க சம்பந்தி" என்றார். மாஸ்டருக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

அனுமதி கொடுக்க வேண்டிய நகராட்சித் திட்ட அதிகாரி வந்து உட்கார்ந்தார். இளம்பெண். மாஸ்டரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது, கழுத்து தானாகத் திரும்பியது. "மாஸ்டர்! நான் உங்க ஸ்டூடண்ட். ரிவர்ஸ்ல திரும்பத் திரும்ப ஃபெயில் ஆனேனே, ஞாபகம் இல்லையா?"

எப்படி மறக்கும்? மாஸ்டரின் காரில் இன்னும் நிமிராமல் இருக்கிற பின்பக்க ஒடுக்கு இந்த அம்மாள் போட்டது. "ஞாபகம் இருக்கு மேடம்" என்றார்.

அதிகாரி விதியை விளக்கினார். நாற்காலி போட்டால் அது ஹோட்டல். ஹோட்டலுக்கு மேஜைக் கணக்குப்படி வண்டி நிறுத்த இடம் காட்ட வேண்டும், குடியிருப்புத் தெருவில் அதற்கு அனுமதி கிடையாது. நாற்காலியே இல்லாவிட்டால் அது பார்சல் கடை. வாங்க வருகிற ஒரு வண்டி நின்றுவிட்டுப் போக வாசலில் இடம் இருந்தால் போதும். கேஸ் சிலிண்டருக்குச் சந்துப் பக்கம் கூண்டு கட்ட வேண்டியிருப்பதால் அந்த வழி அடைபடும். ஆகவே வண்டி தெருவிலிருந்து ரிவர்ஸில் உள்ளே போய் நின்று, நேராக வெளியே வர வேண்டும்.

"நான் ஒரு நாற்காலிகூடப் போட மாட்டேம்மா" என்றார் சம்பந்தியம்மா.

அக்கவுன்டன்ட் வாசனையைப் பற்றிப் பேசினார். விதியில் வாசனை வரவில்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். "கெட்ட வாசனையா இருந்தா ஆட்சேபிக்கலாம் சார். நல்ல வாசனைக்கு நாங்க என்ன பண்றது?" எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள்.

மாஸ்டர் எழுந்தார். சம்பந்தியம்மா இருக்கும் பக்கத்தைப் பார்க்காமல், அதாவது வழக்கம்போல் நேராகப் பார்த்துக்கொண்டு, பேசினார். "கடை வேணாம்னு நான் சொல்லல. ஆனா அந்த இடத்துல ரிவர்ஸ்ல வண்டி போகவே போகாது மேடம். இந்தப் பக்கம் மின்கம்பம், அந்தப் பக்கம் சிலிண்டர் கூண்டு. எவனாலயும் முடியாது. தெருவை அடைச்சுக்கிட்டு முன்னாடியும் பின்னாடியும் ஆட்டிக்கிட்டே நிப்பான்."

தெருக்காரர்கள் கை தட்டினார்கள். அதிகாரி யோசித்தார். பிறகு அவருக்கு ஒரு அருமையான யோசனை வந்தது.

"அப்போ நாளைக்குச் சாயங்காலம் நான் நேர்ல வந்து பார்க்கிறேன். கூண்டு வர்ற இடத்துல பலகையை வெச்சு மறைச்சுடலாம். மாஸ்டர், நீங்களே ரிவர்ஸ் எடுத்துக் காட்டுங்க. உங்களால முடிஞ்சா எல்லாராலயும் முடியும். உங்களால முடியலைன்னா வேற எவராலயும் முடியாது. இதைவிட நல்ல பரிசோதனை வேற என்ன வேணும்?"

மண்டபமே ஆமோதித்தது. மாஸ்டரும் "சரி மேடம்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அன்று வீட்டில் அடுப்பு எரிந்ததா என்றே அவருக்குத் தெரியாது. கூடத்தில் பட்டையோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ரிவர்ஸ் எடுத்துக் காட்டினால் கடைக்கு அனுமதி கிடைத்துவிடும், இடம் போய்விடும். எடுக்க முடியாமல் நின்றால் இடம் தங்கும், ஆனால் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத டிரைவிங் மாஸ்டர் என்று பேர் வந்துவிடும். எப்படிப் போனாலும் அடி.

"உடம்பு சரியில்லன்னு படுத்துக்கிட்டா?" என்றார்.

"என்ன உடம்புக்குன்னு கேட்பாங்க. கழுத்து வலின்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

"இடம் நிஜமாவே சின்னது, அதான் முடியலன்னு சொல்லிடலாம். என்னாலயே முடியலன்னா இடம்தான் சரியில்லன்னு நம்புவாங்க. பேரும் கெடாது."

"இடம் சின்னதா?"

மாஸ்டர் நின்றார். பொய் சொல்லலாம். ஆனால் வண்டி விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. "லாரியே போகும்" என்றார் பலவீனமாக.

மறுநாள் சாயங்காலம் தெருவில் திருவிழாக் கூட்டம். பழைய மாணவர்கள் எல்லாம் சேதி தெரிந்து வந்துவிட்டார்கள். மாஸ்டர் ரிவர்ஸ் எடுத்துக் காட்டப்போகிறார் என்றால் சும்மாவா? சில பேர் குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். கடைச் சுவர்களுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. பெயின்ட் ஈரம் காயாத கதவோரம் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். அதிகாரி சாக்பீஸால் கோடு போட்டு, சந்துப் பக்கம் பலகையை நிறுத்தி, "ரெடி மாஸ்டர்" என்றார்.

மாஸ்டர் காரில் ஏறி, தெருவில் முன்னால் போய், நின்று, ரிவர்ஸ் கியரைப் போட்டார். அவ்வளவுதான், தெருவே வேலையை ஆரம்பித்துவிட்டது. நம் ஜனங்களுக்கு ஒரு வண்டி பின்னால் வந்தால் போதும், கையும் வாயும் சும்மா இருக்காது.

"வரட்டும், வரட்டும், வரட்டும்!"

"லெஃப்ட்ல ஒடிங்க மாஸ்டர்! ஃபுல்லா ஒடிங்க!"

"யோவ், லெஃப்ட் இல்ல, ரைட்! நேரா வாங்க!"

"நிப்பாட்டு! கம்பம்! கம்பம்!"

அப்போது கூட்டத்தில் யாரோ மாஸ்டரைப்போலவே குரலை மாற்றி, "கழுத்தைத் திருப்பு!" என்று கத்தினார்கள். தெருவே சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. அத்தனையும் பாசம். அதனால்தான் மாஸ்டருக்கு அது சாட்டையடியாக விழுந்தது.

அவர் திரும்பிப் பார்க்க முயன்றார். கண் மட்டும்தான் ஓரத்துக்குப் போனது. கழுத்திலிருந்து தோள்வரை சுளீர் என்றது. கண்ணாடியில் பார்த்தார். கை, தலை, குழந்தை, பலகை எல்லாம் கலந்து தெரிந்தன. வண்டி கொஞ்சம் நகர்ந்து கோணலாக நின்றது. முன்னால் எடுத்தார். மறுபடி பின்னால் வந்தார். இன்னும் கோணல். வியர்த்துக் கொட்டியது.

"பார்த்தீங்களா மேடம்!" என்று அக்கவுன்டன்ட் துள்ளினார். "மாஸ்டராலயே முடியல! வேற எவனால முடியும்? எழுதிக்குங்க!"

"இடமே சரியில்லப்பா" என்று கூட்டம் முணுமுணுத்தது. "மாஸ்டரே திணறுறாருன்னா பாரேன்." யாரும் மாஸ்டரைக் குறை சொல்லவில்லை. அவர் நினைத்தபடியே எல்லோரும் இடத்தைத்தான் குறை சொன்னார்கள். மாஸ்டர் ஜெயித்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக அவர் எதிலும் ஜெயித்ததில்லை.

பக்கத்து ஜன்னல் ஓரமாக ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. "திரும்ப வேணாம் சம்பந்தி. அப்படியே இருந்து கேளுங்க."

மாஸ்டர் நேராகத் தெருவைப் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்டுக்கு வந்தப்ப நாற்காலியோட திரும்பினீங்களே, அப்பவே எனக்குச் சந்தேகம். எங்க வீட்டுக்காரருக்கும் இதே தொந்தரவுதான் இருந்துச்சு. அப்புறம் அன்னைக்குக் குஷனுக்குப் பின்னாடி இருந்ததையும் பார்த்தேன். நான் யார்கிட்டயும் சொல்லல, மருமககிட்டகூட. நீங்க இடம் பத்தலன்னு சொல்லிட்டு இறங்கிடுங்க. நான் வேற தெரு பார்த்துக்கறேன்."

"பெயின்ட் அடிச்சாச்சே" என்றார் மாஸ்டர். 

"சுவருதானே சம்பந்தி. மனுஷன் பேரு கெட்டா அதுக்கு மேல பெயின்ட் அடிக்க முடியுமா?"

குரல் நகர்ந்துவிட்டது. மாஸ்டருக்குக் கண் கலங்கியது. வெட்கமாக இருந்தது. கழுத்து திரும்பாததற்கு இத்தனை நாளும் வெட்கப்பட்டது எவ்வளவு அற்பம் என்று தெரிகிற அளவுக்கு, இது வேறு வெட்கமாக இருந்தது. இந்த அம்மாள் உழைத்துச் சாப்பிட ஆசைப்படுகிற ஒரு கடையை, மாஸ்டரின் பேருக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? சிமென்ட் தரைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இஞ்சினை நிறுத்தினார். இறங்கினார். உடம்பு முழுவதையும் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"இடம் தாராளமா இருக்கு. லாரியே போகும். நான் சொன்னது பொய். எனக்குத்தான் கழுத்து திரும்பாது."

கை காட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை இறக்கினார்கள். தோளில் இருந்த ஒரு குழந்தை மட்டும் "ஏன்?" என்று கேட்டது.

"எலும்பு தேஞ்சு போச்சு கண்ணு. அதான் இந்த இடத்துல நேராப் போய் நேரா வெளிய வந்துக்கிட்டிருந்தேன். கடை வந்தா என் குட்டு உடைஞ்சுடுமேன்னு உங்க எல்லாரையும் தூண்டிவிட்டேன். சம்பந்தியம்மா, நீங்க என்னை மன்னிக்கணும்."

அக்கவுன்டன்ட் வாயைப் பிளந்தார். "எவ்வளவு நாளா மாஸ்டர் இப்படி?"

"உங்க பையனுக்குக் கத்துக் குடுத்ததுக்கு முன்னாடியிலிருந்து."

"அவன் முதல் தடவையே பாஸ் பண்ணானே!"

"அவன் கழுத்து நல்லா இருந்துச்சே சார்" என்றார் மாஸ்டர். எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, பரவி, தெரு முழுக்க ஆனது. மாஸ்டர் அதற்காகக் காத்திருந்தார். இத்தனை நாள் பயந்த சிரிப்பு இதுதானா என்று காதுகொடுத்துக் கேட்டார். அப்படியொன்றும் வலிக்கவில்லை.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "எல்லாம் சரி மாஸ்டர். ஆனா வண்டி உள்ளே போகுதுன்னு யாராவது செஞ்சு காட்டினாத்தான் நான் எழுத முடியும்."

"நீங்க ஏறுங்க" என்றார் மாஸ்டர்.

"நானா? ரிவர்ஸா?" அதிகாரியின் முகம் வெளுத்தது. "நான் இப்பவும் நேராப் போய் நேரா வர்ற இடமாப் பார்த்துத்தான் நிறுத்தறேன்!"

"அடடே, நீங்களும் நம்ம கட்சியா? ஏறுங்க மேடம்."

அதிகாரி ஸ்டியரிங்கைப் பிடித்தார். மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலைத் தன் பிரேக்கின்மேல் வைத்து, ஜன்னல் வழியாகத் தெருவுக்கு ஒரு சத்தம் போட்டார். "எவனாவது 'வரட்டும்'னான், தொலைச்சுடுவேன்!" எல்லா வாயும் மூடிக்கொண்டது.

"ரிவர்ஸ் போடுங்க மேடம். கிளட்ச்சை மெதுவா விடுங்க. மெதுவா மேடம். எங்க பார்க்கிறீங்க? கண்ணாடியில என்ன இருக்கு? ஏம்மா, கழுத்தை எதுக்கும்மா வெச்சிருக்கே? திருப்பு! இன்னும் திருப்பு! கம்பம் தெரியுதா? இப்ப ஒடி. விடு. நேராக்கு. வா, வா, வா… அவ்வளவுதான்."

கார் இரண்டு சாக்பீஸ் கோட்டுக்கும் நடுவில் போய் நின்றது. அதிகாரிக்குக் கொஞ்ச நேரம் எதுவும் புரியவில்லை. பிறகு ஸ்டியரிங்கின்மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். வெளியே விசில் பறந்தது. நகராட்சியின் திட்ட அதிகாரியை எல்லோர் முன்னாலும் "ஏம்மா" என்று விரட்டிவிட்டோமே என்று மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மன்னிப்புக் கேட்பதற்குள் அதிகாரி, "அந்த மேடத்தைவிட இதுதான் மாஸ்டர் எனக்குப் பழக்கம்" என்று சொல்லிவிட்டார்.

அனுமதி கிடைத்தது. ஒரே நிபந்தனை, நாற்காலி கூடாது.

மாஸ்டரின் ஸ்கூல் மூடப்படவில்லை. கழுத்தே இல்லாமல் திட்ட அதிகாரியை ரிவர்ஸ் எடுக்க வைத்தவர் என்று பேர் பரவி, ஆட்கள் கூடினார்கள். தினமும் கடைசிப் பாடத்துக்கு வருகிற மாணவன் மாஸ்டரின் போர்டிகோவில் ரிவர்ஸில் காரைக் கொண்டுபோய் விட வேண்டும் என்று ஏற்பாடு. மனைவி பூந்தொட்டிகளை மகிழ்ச்சியோடு கடை வாசலுக்கு அனுப்பிவைத்தாள்.

திறப்பு நாளன்று வரிசையில் முதல் ஆளாக நின்றது அக்கவுன்டன்ட். வாசனை மாடிக்கு வந்து தொந்தரவு செய்வதற்குள் கீழே இறங்கிவிடுவது உத்தமம் என்று விளக்கம் சொன்னார். வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று பார்சலைக் குடைக்குள் வைத்துக் கொண்டுபோனார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மாஸ்டரும் மனைவியும் போனபோது கடைக்குள் உட்கார ஒன்றும் இல்லை. மனைவிக்கு முகம் சுருங்கியது. "சம்பந்தியை நிக்க வெச்சா பேசறது?" என்று முணுமுணுத்தாள்.

"ஐயோ, எனக்கு மட்டும் மனசு கேட்குதா?" என்று சம்பந்தியம்மா உள்ளேயிருந்து கையைப் பிசைந்தார். "ஒரு நாற்காலி போட்டா இது ஹோட்டல் ஆயிடுமாம். இழுத்து மூடிடுவாங்க."

"நிக்கிறேன் சம்பந்தியம்மா, நிக்கிறதுல என்ன இருக்கு?" என்றார் மாஸ்டர். கூட்டம் நெருக்கியதால் கவுன்டருக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தார். காலையிலிருந்து நாலு பேரைத் திட்டியதில் கழுத்து விண்விண் என்றது. எல்லோர் முன்னாலும் பட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். முதுகுப் பக்கம் கரண்டிச் சத்தம், காகிதம் மடிக்கிற சத்தம். பார்சல் தயாராகிவிட்டது. இப்போது தன்னைக் கூப்பிடுவார், உடம்பைத் திருப்ப வேண்டும் என்று காலை நகர்த்தித் தயாரானார்.

கூப்பிடவில்லை. கவுன்டர் பலகையைத் தூக்குகிற சத்தம் கேட்டது. சம்பந்தியம்மா வெளியே வந்து, வரிசையை விலக்கிக்கொண்டு, பூந்தொட்டிகளைச் சுற்றி, அவருக்கு நேர் முன்னால் வந்து நின்றார். பார்சலை இரண்டு கையாலும் நீட்டினார்.

"சூடா இருக்கு சம்பந்தி" என்றார். "பார்த்து வாங்கிக்குங்க."